1917, 1920 என இரண்டு ஆண்டுகள் பொறித்த லூகர் கைத்துப்பாக்கி: முத்திரைகளும் மதிப்பும்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லித் தொடங்குகிறேன். உங்கள் மனைவியின் தாத்தா அமெரிக்கப் படைவீரராக இருந்து 1945-இல் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த ஜெர்மன் கைத்துப்பாக்கி, அவர் மறைந்த பின் ஒஹாயோவில் உள்ள உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. அதன் மேற்புறத்தில் ஒன்றோடொன்று பின்னிய மூன்று எழுத்துகள் உள்ளன. குழல் தொடங்கும் இடத்தில் 1920 என்றும் அதற்குக் கீழே 1917 என்றும் பொறித்திருக்கிறது. வரிசை எண் 5812. மேற்பகுதியில் மடங்கும் மூட்டின் நடு இணைப்பில் மட்டும் 34 என்று இருக்கிறது. தோட்டாக்களை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகும் மேகசினின் அடிக்கட்டையில் வேறோர் எண் உள்ளது. கூடவே 1941 என்று முத்திரையிட்ட தோல் உறையும் இருக்கிறது. ஒரு கடைக்காரர் 600 டாலர் தருகிறேன் என்றார். இன்னொருவர் பாலிஷ் போட்டுப் புதிதாக நீலமேற்றினால், அதாவது எஃகின் பரப்பைக் கருநீலமாக்கினால், இரண்டு மடங்கு விலை போகும் என்றார். இது உண்மையில் என்ன, என்ன பெறும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

விலைக்கு வருமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்கள் மனைவி அமெரிக்கக் குடிமகள் என்றும் நீங்கள் ஹெச்-1பி விசாவில் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. நம்மவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை. பழம்பொருள்தானே என்ற வாதமும் இங்கே எடுபடாது, ஏனெனில் கூட்டாட்சிச் சட்டத்தின் கண்ணில் 1898-ஆம் ஆண்டு முடிவதற்குள் தயாரான துப்பாக்கிகளே பழம்பொருள். 1917-இல் தயாரானது சட்டப்படி ஒரு துப்பாக்கிதான். ஆகவே இது உங்கள் மனைவியின் பொறுப்பில், அவரிடம் மட்டுமே சாவி உள்ள பெட்டியில் இருக்கட்டும். கீழே நான் சொல்லும் சோதனைகளையும் அவரோ, உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுநீக்குநரோ செய்யட்டும். உங்கள் நிலை குறித்து ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வதும் நல்லது. இந்தியாவுக்கு எடுத்துச் செல்லும் எண்ணம் யாருக்கேனும் இருந்தால் அதை இப்போதே கைவிடச் சொல்லுங்கள், 9 மி.மீ. அங்கே தடை செய்யப்பட்ட அளவு.

அடுத்தது, உள்ளே தோட்டா இல்லை என்பதை உறுதி செய்வது. எண்பது ஆண்டுகளாக அலமாரியில் கிடந்தது என்பதால் அது காலியாகத்தான் இருக்கும் என்று எண்ணக் கூடாது. குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, விசைக்குப் பின்னால் இடப்பக்கம் உள்ள பொத்தானை அழுத்தி மேகசினை முதலில் எடுத்துவிட வேண்டும். பிறகு பின்புறத்தில் இருபுறமும் உருண்டையாக நீட்டியிருக்கும் பிடிகளைப் பற்றி மேலே இழுத்தால், மேற்பகுதி முழங்கால் மடங்குவது போல மடங்கிக் குண்டறை தெரியும். அதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். மேலே உள்ள மெல்லிய கொக்கி சற்று எழும்பி, அதன் இடப்பக்கத்தில் கெலாடன் என்ற ஜெர்மன் சொல் தெரிந்தால் குண்டறையில் தோட்டா இருக்கிறது என்று பொருள். லூகரில் ஓர் ஆபத்தான இயல்பும் உண்டு. குண்டறையில் தோட்டா இருக்கும்போது மேற்பகுதியைத் தனியாகக் கழற்றி எடுத்தால், பக்கவாட்டில் உள்ள சிறு பட்டையைத் தெரியாமல் அழுத்தினாலே வெடித்துவிடும். காலி என்று உறுதியாகாமல் எந்தப் பாகத்தையும் கழற்றக் கூடாது.

இனி அடையாளத்துக்கு வருவோம். பின்னிய மூன்று எழுத்துகள் பெர்லினில் இருந்த டி.டபிள்யூ.எம். நிறுவனத்தின் சின்னம். ஹ்யூகோ போர்ஷார்ட் 1893-இல் உருவாக்கிய பருத்த கைத்துப்பாக்கியைக் கியோர்க் லூகர் சுருக்கிச் செம்மைப்படுத்தியதே இந்த வடிவம். சுவிட்சர்லாந்து 1900-இலும், ஜெர்மன் கடற்படை 1904-இலும், ஜெர்மன் தரைப்படை 1908-இலும் இதை ஏற்றுக்கொண்டன. தரைப்படை இதற்கு வைத்த பெயர் பி.08. உங்களுடையதன் குழல் ஏறக்குறைய 10 செ.மீ. என்கிறீர்கள், அதுதான் தரைப்படையின் வழக்கமான அளவு. 15 செ.மீ. குழல் இருந்தால் கடற்படை வகை, 20 செ.மீ. குழலும் அதன் மேலேயே ஏற்றி இறக்கும் குறிகாட்டியும் இருந்தால் பீரங்கிப் படை வகை. அவற்றின் விலைக்கணக்கு வேறு. அதே காலத்தில் எர்ஃபுர்ட் அரசு ஆயுதச் சாலையும் பி.08 செய்தது, அதன் மேற்புறத்தில் கிரீடமும் ஊரின் பெயரும் இருக்கும்.

இரண்டு ஆண்டுகள் ஏன் என்பதுதான் உங்கள் துப்பாக்கியின் வரலாற்றில் சுவையான பகுதி. கீழே உள்ள 1917 தயாரித்த ஆண்டு. மேலே உள்ள 1920 தயாரிப்பைக் குறிப்பதன்று. பழுது பார்த்த ஆண்டும் அன்று. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியை வெர்சாய் உடன்படிக்கை 1,00,000 பேர் கொண்ட படைக்குள் கட்டிப்போட்டது. போர் முடிந்து கலைந்த வீரர்களோடு எண்ணற்ற ஆயுதங்கள் வீடுகளுக்குப் போய்விட்டிருந்தன. 1920 ஆகஸ்டில் பொதுமக்களிடமிருந்து ஆயுதங்களைத் திரும்பப் பெறும் சட்டம் வந்தது. அந்நேரத்தில், ரைஷ்வேர் எனப்பட்ட புதிய படையிடமும் காவல் துறையிடமும் முறைப்படி இருந்த ஆயுதங்களைத் திருட்டுத்தனமாகப் பதுக்கியவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவதற்காக இந்த 1920 என்ற உடைமை முத்திரையை இட்டார்கள். ஆகவே உங்கள் துப்பாக்கி ஜெர்மன் பேரரசரான கெய்சரின் படைக்காகப் பிறந்து, போருக்குப் பின் அமைந்த வைமார் குடியரசின் அரசுப் பணியில் தொடர்ந்திருக்கிறது. 1941-ஆம் ஆண்டு உறையும் அதனுடையதே என்றால் இரண்டாம் உலகப் போரிலும் அது இடுப்பில் தொங்கியிருக்கிறது. சேகரிப்பாளர்கள் இதை இரட்டைத் தேதி லூகர் என்பார்கள். இதைப் போலி என்றோ, பிற்காலத்தில் யாரோ திருத்தியது என்றோ சொல்லி விலையைக் குறைக்கப் பார்ப்பவர் அறியாமையால் பேசுகிறார், அல்லது உங்களை ஏமாற்றப் பார்க்கிறார்.

வலப்பக்கத்தில் குண்டறைக்கு அருகே கிரீடத்தின் கீழ் பழைய ஜெர்மன் எழுத்து கொண்ட சிறு முத்திரைகளும் ஒரு கழுகும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கிரீடமும் எழுத்தும் தயாரிப்பின் வெவ்வேறு கட்டங்களைச் சரிபார்த்த படை ஆய்வாளர்களுடைய முத்திரை. கழுகு, அதிக அழுத்தமுள்ள தோட்டாவால் சுட்டுப் பார்த்துத் தேறியது என்பதற்கான சான்று. அந்தக் கழுகு குழலிலும், குண்டறையைப் பின்னாலிருந்து அடைக்கும் கட்டையிலும் இருக்க வேண்டும், ஏனெனில் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குபவை இந்த மூன்று பாகங்கள்தாம். கழுகுக்குப் பதிலாகக் கிரீடத்தின் கீழ் என் என்ற எழுத்து இருந்தால் அது பொதுச் சந்தைக்காகச் செய்த துப்பாக்கி, அல்லது பிற்காலத்தில் பாகம் மாற்றப்பட்டது. குழலின் அடியில் 8,82 என்று கண்டதை வரிசை எண்ணா என்று கேட்டிருந்தீர்கள். அது குழலின் உள்விட்டம் மி.மீட்டரில், ஜெர்மானியர் தசமப் புள்ளிக்குக் காற்புள்ளி இடுவார்கள். அது இருப்பது நல்ல அறிகுறி, ஏனெனில் பேரரசுக் காலத்துக் குழல் மாற்றப்படாமல் இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. கைப்பிடியின் முன்பட்டையில் படைப்பிரிவின் குறி ஏதும் இல்லையே என்று வருந்த வேண்டாம். அந்தக் குறிகளை இடும் வழக்கத்தை ஜெர்மன் படை 1916-இலேயே நிறுத்திவிட்டது. 1917-இல் செய்த துப்பாக்கியில் அது இல்லாததுதான் இயல்பு.

இப்போது எண்கள். லூகரின் மதிப்பில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. ஆகவே இதைப் பொறுமையாகப் பாருங்கள். படைக்கான உற்பத்தியில் எண்கள் ஒன்றில் தொடங்கிப் பத்தாயிரம் வரை செல்லும். பிறகு ஏ என்ற எழுத்தைச் சேர்த்து மீண்டும் ஒன்றிலிருந்து வரும். அடுத்து பி, சி என்று போகும். ஒவ்வோர் ஆண்டும் இந்த வரிசை புதிதாகத் தொடங்கும். அதனால் 5812 என்ற எண்ணை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. நிறுவனம், ஆண்டு, எண், அதன் கீழ் உள்ள கையெழுத்து வடிவச் சிற்றெழுத்து ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் அது ஒரே ஒரு துப்பாக்கியைக் குறிக்கும். விற்பனைக்கு விவரம் எழுதும்போது அந்த எழுத்தை விட்டுவிடாதீர்கள்.

முழு எண் மூன்று இடங்களில் இருக்கும்: துப்பாக்கியின் அடிச்சட்டத்தின் முன்முகப்பில் குழலுக்குக் கீழே, குழலின் அடியில், மேற்பகுதியின் இடப்பக்கத்தில். மற்றச் சிறு பாகங்களில் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் இருக்கும். உங்களுடையதில் அது 12 ஆக இருக்க வேண்டும். விசை, பக்கத் தகடு, பாதுகாப்பு நெம்புகோல், கழற்றும் நெம்புகோல், மடங்கும் மூட்டின் நடு இணைப்பு, பின் இணைப்பு, அடைப்புக் கட்டை, தோட்டாவை இழுக்கும் கொக்கி, தோட்டாவின் பின்புறத்தைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மரக் கைப்பிடிகளின் உட்புறத்திலும் எண் இருக்கலாம். ஆனால் திருகாணிகளைப் பொருத்தமற்ற திருப்புளியால் திருகித் தலையைச் சிதைப்பதைவிட அதைப் பார்க்காமல் விடுவதே மேல்.

உங்கள் நடு இணைப்பில் 34 இருக்கிறது என்றால் அந்தப் பாகம் வேறொரு துப்பாக்கிக்குப் பிறந்தது. படைமுகாமில் பலர் ஒன்றாக அமர்ந்து துடைக்கும்போது பாகங்கள் மாறிப்போவது நடக்கக்கூடியதே. அரசு ஆயுதச் சாலை முறைப்படி மாற்றியிருந்தால் வழக்கமாக அதில் 12 என்று எண்ணைத் திருத்தியும் இட்டிருப்பார்கள்; அதனால் இது களத்தில் நேர்ந்த மாற்றம் என்பது என் கணிப்பு. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், 34-ஐத் தேய்த்துவிட்டு 12 என்று பொறித்துத் தருகிறேன் என்று சொல்பவர்கள் வருவார்கள். அது மோசடி. தேர்ந்த கண்ணுக்கு அது உடனே புலப்பட்டும் விடும்: உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் எண்ணைச் சுற்றியுள்ள பரப்பு லேசாகக் குழிந்திருக்கும், இலக்கத்தின் உட்பள்ளம் சுற்றுப்புறத்தைவிடப் புதிதாக மின்னும், 1-இன் கொம்பும் 2-இன் அடிக்கோடும் அதே துப்பாக்கியின் மற்ற 12-களோடு ஒத்துவராது. நேர்மையான ஒரு பொருந்தா எண் கொஞ்சம் பணத்தைக் குறைக்கும். பொய்யான ஒரு பொருந்தும் எண் மற்ற எல்லா எண்களையும் சேர்த்தே சந்தேகத்துக்குள்ளாக்கும்.

பாலிஷ் போடச் சொன்னவரின் யோசனை இதைவிடக் கெட்டது. 1917-இல் நீல நிறம் ஏற்றியது மெல்லத் துருவேற விட்டுத் தேய்த்து, மீண்டும் துருவேற விட்டுத் தேய்க்கும் முறையில். வெளிப்பரப்பு ஆழ்ந்த நீலக் கருமையாக இருக்கும். குழலின் வாய் விளிம்பும் கைப்பிடிச் சட்டத்தின் உட்புறமும் பெரும்பாலும் எஃகின் வெண்மையிலேயே விடப்பட்டிருக்கும். விசை, நெம்புகோல்கள் போன்ற சிறு பாகங்களைச் சூடேற்றி வைக்கோல் நிறத்துக்குக் கொண்டுவந்திருப்பார்கள். உங்கள் விசையின் ஓரத்தில் மங்கலான மஞ்சள் தெரிகிறது என்று எழுதியதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி ஏற்பட்டது, ஏனெனில் மறுபடி நீலமேற்றியவர்கள் முதலில் இழப்பது இந்த வைக்கோல் நிறத்தைத்தான். பிற்காலக் கைவேலையில் விசையும் கருத்திருக்கும், குழல் வாயும் கருத்திருக்கும், எழுத்துகளின் கூர்விளிம்புகள் பாலிஷ் சக்கரத்தில் மழுங்கி வழிந்தாற்போல் தோன்றும். இந்த அளவுகோலைப் பிற்காலத்தில் லூகர் செய்த மவுசர் ஆலையின் 1937-க்குப் பிந்திய துப்பாக்கிகளுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்; அங்கே உப்புக் கரைசலில் முழுதாக மூழ்கடித்து நீலமேற்றினார்கள், ஆகவே உட்புறமும் கருத்திருப்பதே சரி. உங்களுடையதில் ஓரங்கள் தேய்ந்து, கைப்பிடியின் பட்டைகள் பழுப்பேறியிருக்கின்றன. அது நூறாண்டுப் பயன்பாட்டின் சுவடு. அப்படியே விடுங்கள். மெல்லிய எண்ணெய் தோய்த்த துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எஃகுக் கம்பிப் பஞ்சு, துரு நீக்கும் திரவம், உலோகம் துலக்கும் பசை எதுவும் வேண்டாம். மறுநீலம் ஏற்றிய லூகர் பொதுவாகத் தன் சேகரிப்பு மதிப்பில் பாதியை இழந்துவிடும்.

வேறு ஜெர்மன் துப்பாக்கி வைத்திருப்போருக்காகச் சில வரிகள். மேற்புறத்தில் எஸ்/42, 42, பி.ஒய்.எஃப். என்று இருந்தால் அவை ஓபர்ன்டார்ஃபில் இருந்த மவுசர் ஆலையின் மறைகுறிகள். குண்டறையின் மேல் கே என்ற ஒற்றை எழுத்து 1934-ஐயும் ஜி என்பது 1935-ஐயும் குறிக்கும். பி.ஒய்.எஃப். என்பது ஆலையின் குறியே தவிர வகையின் குறியன்று. லூகருக்குப் பின் வந்த பி.38 என்ற ஜெர்மன் படைக் கைத்துப்பாக்கியை மவுசர் செய்தபோது அதிலும் இதே குறி இருக்கும். சுல் நகரின் க்ரீக்ஹாஃப் விமானப்படைக்காகச் செய்தவை எண்ணிக்கையில் குறைவு, விலையில் மிக உயர்வு. அதனால் போலிகளும் அங்கேதான் அதிகம். சோவியத் படை கைப்பற்றிய துப்பாக்கிகளில் பெருக்கல் குறி போன்ற முத்திரையும், மின்னூசியால் கீறி எழுதிய எண்களும், கனத்த கறுப்பு நீலமும் காணப்படும். அமெரிக்காவுக்குப் பின்னாளில் இறக்குமதியானவற்றில் இறக்குமதியாளரின் பெயர் பொறித்திருக்கும். உங்களுடையதில் அப்படி எதுவும் இல்லை என்பது 1945-இல் வீரரோடு வந்தது என்ற குடும்பச் செய்தியோடு ஒத்துப்போகிறது.

மேகசின் பற்றி. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் இரண்டு மேகசின்கள் வழங்கினார்கள். இரண்டின் அடிக்கட்டையிலும் துப்பாக்கியின் எண் இருக்கும், இரண்டாவதில் கூடுதலாக ஒரு கூட்டல் குறியோ 2 என்ற எண்ணோ இருக்கும். உங்களுடையது மர அடிக்கட்டை கொண்டது என்பதால் காலம் பொருந்துகிறது, எண் பொருந்தவில்லை. எண் பொருந்தும் மேகசின் கிடைத்திருந்தால் அது ஒன்றே சில நூறு டாலரைக் கூட்டியிருக்கும். தாத்தாவின் பெட்டிகளை இன்னொரு முறை தேடிப் பாருங்கள். தோல் உறைக்குத் தனி மதிப்பு உண்டு. அதன் பின்புறத்தில் தயாரிப்பாளர் பெயரும், உட்புறச் சிறு பையில் திருப்புளி போன்ற கருவியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தோல் வறண்டிருக்கிறதே என்று எண்ணெயோ மெழுகோ பூச வேண்டாம். பூசினால் தையல் நூல் இற்றுப்போகும், நிறமும் கருத்துவிடும்.

விலைக்கு வருகிறேன். நீங்கள் விவரித்தபடி குழலும் அடிச்சட்டமும் மேற்பகுதியும் ஒரே எண்ணாக, நிறம் அசலாக, ஒரே ஓர் இணைப்பும் மேகசினும் மட்டும் மாறியதாக இருக்குமானால், இன்றைய அமெரிக்கச் சந்தையில் துப்பாக்கிக்கு மட்டும் ஏறக்குறைய 1,100 முதல் 1,500 டாலர் என்று நான் மதிப்பேன். உறைக்குச் சில நூறு டாலர் தனி. எல்லா எண்களும் பொருந்தியிருந்தால் 1,800 முதல் 2,200 டாலர் வரை சொல்லியிருப்பேன். குழலின் உட்புறம் குழிகள் விழுந்து இருண்டிருந்தால் கொஞ்சம் இறங்கும். ஆனால் சேகரிப்பாளர் சுடுவதற்காக வாங்குவதில்லை, ஆகவே வெளிப்பரப்பு கெடுவதால் இறங்கும் அளவுக்கு இறங்காது. 600 டாலர் என்பது பாகங்களாகப் பிரித்து விற்பவர் கொடுக்கும் விலை. லூகர் என்றாலே லட்சக்கணக்கில் போகும் என்ற செய்திகளையும் நம்ப வேண்டாம். அமெரிக்கப் படையின் 1907-ஆம் ஆண்டுச் சோதனைக்காக .45 அளவில் செய்த லூகர் ஒன்று 2010-இல் ஏலத்தில் 4,94,500 டாலருக்குப் போனது உண்மை. அந்த வகையில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே உண்டு. 1917-இல் டி.டபிள்யூ.எம். செய்த பி.08 லட்சத்துக்கு மேற்பட்ட உடன்பிறப்புகளோடு பிறந்தது.

இந்த மதிப்பை நீங்களே சரிபார்க்கலாம். விளம்பரத்தில் கேட்கும் விலைகளைப் பார்க்காமல், ஏல நிறுவனங்கள் வெளியிடும் முடிந்த விற்பனை விலைகளைப் பாருங்கள். அதே நிறுவனம், அதே ஆண்டு, இரட்டைத் தேதி, ஏறக்குறைய அதே தேய்மானம் உள்ள மூன்று நான்கு விற்பனைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் எந்தெந்தப் பாகங்கள் பொருந்தவில்லை என்பதை ஒப்பிடுங்கள். வெளியிடும் விலையில் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கொடுக்கும் கட்டணமும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். விற்பவரிடம் பிடிக்கும் தரகு வேறு. இரண்டையும் கழித்தால்தான் கைக்கு வரும் தொகை தெரியும்.

மதிப்பைக் கணிசமாக உயர்த்தக்கூடிய ஒன்று இன்னும் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். கைப்பற்றிய ஆயுதத்தை நாட்டுக்குக் கொண்டுபோக அனுமதித்து மேலதிகாரி கையெழுத்திட்ட தட்டச்சுத் தாள்களை அன்றைய அமெரிக்க வீரர்கள் வைத்திருந்தார்கள். தாத்தாவின் பணி விடுப்புச் சான்றிதழ், கடிதங்கள், புகைப்படங்கள் இருக்கும் உறைகளில் அத்தகைய தாள் ஒன்று கிடைத்து, அதில் 5812 என்ற எண் இருந்தால், அதையும் துப்பாக்கியையும் ஒருபோதும் பிரிக்காதீர்கள். விற்பதென்று முடிவானால், உங்கள் மனைவி உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாகவோ படைக்கலச் சேகரிப்பில் தேர்ந்த ஏல நிறுவனத்தின் வழியாகவோ மட்டும் விற்கட்டும். நான் மேலே சொன்ன ஒவ்வொரு முத்திரையையும் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், சாய்வான கோணத்தில் படம் எடுத்து, 34 என்ற எண் உள்ள இணைப்பின் படத்தையும் அவற்றோடு சேர்த்தே அவர்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.